ஆறு சதுரங்களின் பின்பக்கம்

சான்றிதழ் சரிபார்ப்பு அலுவலகத்தின் தலைமை எழுத்தருக்கு அவருடைய முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ‘சிவப்பு மை’. குறிப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, எழுதியவரைத் தம் நாற்காலிக்கு அருகில் வரவழைத்து, நான்கு பேர் காதில் விழும்படி விளக்குவார். முப்பத்தோர் ஆண்டுகளில் அவர் கைபட்டு ஒரு தாளும் தொலைந்ததில்லை. தொலைத்தவர்களை அவர் மறந்ததுமில்லை. அப்படிப்பட்டவரிடம்தான் மருத்துவர், இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கழற்றியபடியே, “உங்க கோவம் உங்களைத்தான் முதல்ல சாப்பிடப் போகுது. மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதிக்கு மனசு அடங்கற மாதிரி ஏதாவது கைவேலை பழகுங்க” என்று சொல்லிவிட்டார்.

கைவேலைக்கு வெளியே தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவருடைய மனைவியின் தங்கை இயன்முறை மருத்துவர். மூட்டுவலிக்காரர்களைப் படுக்கவைக்கும் கட்டில்களைச் சனிக்கிழமை பிற்பகலில் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்த அறையிலேயே எட்டுப் பேருக்குப் பேனாச் சித்திரம் சொல்லிக்கொடுத்துவந்தாள். உள்ளங்கை அகலத்தில் தடித்த சதுர அட்டை ஒன்று; அதன்மேல் நூல் தற்செயலாக விழுந்தாற்போல் பென்சிலால் ஒரு வளைகோடு; அந்தக் கோடு பிரித்துக்கொடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் கறுப்பு மையால் ஒரே சிறு வடிவத்தை மூச்சுக்கு ஒரு கோடாகத் திரும்பத் திரும்ப நிரப்பவேண்டும். மரமும் இல்லை, மயிலும் இல்லை. இன்னதைப் போல் இருக்கிறதா என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

முதல் வகுப்பில் அவர் பேனாவைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டுக் கொழுந்தியாள் சிரித்தாள். “அத்தான், அதோட கழுத்த நெரிக்காதீங்க. அது உங்க ஆபீஸ்ல வேலை பாக்கல.”

அவருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. இரண்டு மாதங்கள் அவள் கொடுத்த வடிவங்களையே பார்த்து வரைந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் எவரையும் திருத்தவில்லை, அவரையும் எவரும் திருத்தவில்லை. மூன்றாம் மாதம் அவள், “இனிமே ஆளுக்கு ஒரு டிசைன் புதுசா யோசிச்சுக் கொண்டு வாங்க” என்றாள். அன்றிலிருந்து அவருடைய உறக்கம் போயிற்று. வலை வரைந்தால் கொசுவலை ஆயிற்று. அலை வரைந்தால் தலைமயிர் ஆயிற்று. கூழாங்கற்கள் என்று அவர் வரைந்ததைக் காலைச் சிற்றுண்டிக்கு நடுவே கையிலெடுத்துப் பார்த்த மனைவி, “இது யாரோட பல்லுங்க?” என்று கேட்டாள். வாங்கிவைத்திருந்த அட்டைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன.

ஒரு வியாழக்கிழமை நண்பகலில், அலுவலகத்தில் அனைவரும் சாப்பிடப் போயிருந்த வேளையில், வடிவம் தானாக வந்தது. முப்பத்தோர் ஆண்டுகளாகக் கோப்புகளின் ஓரத்தில் போட்டுவந்த சரிக்குறிதான் அது. குறியின் நீண்ட கையை வளைத்து அடுத்த குறிக்குத் தோளாக்கி, குட்டைக் கைக்குள் இருக்கும் இடுக்கைக் கறுப்பால் நிரப்பினால், ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து வரிசை தானே நகர்ந்தது. பழைய உறையின்மேல் இரண்டு வரிசை போட்டுப் பார்த்தார். நல்ல அட்டை வேண்டும், ஒன்றுகூட மிச்சமில்லை.

இவ்விடத்தில் அந்த அலுவலகத்தின் நடைமுறையைச் சொல்லியாகவேண்டும். அவர்கள் தாங்களே அச்சிடும் சரிபார்ப்புச் சான்றுகள் தடித்த வெண்மஞ்சள் தாளில் வரும். அச்சு கெட்டுப்போனவற்றை இடப்பக்கத் தட்டில் கவிழ்த்து வைக்கவேண்டும்; வெள்ளிக்கிழமைதோறும் கிழித்தெறிவார்கள். பொதுமக்கள் ஒப்படைக்கும் மூலச் சான்றிதழ்களை வலப்பக்கத் தட்டில் வைக்கவேண்டும். ஒருவருடைய மதிப்பெண்ணை இன்னொருவர் எட்டிப் படித்துவிடக் கூடாதென்பதற்காக அவற்றையும் கவிழ்த்தே வைக்கவேண்டும். இரண்டு விதிகளையும் சுற்றறிக்கையாக எழுதிச் சுவரில் ஒட்டியவர் தலைமை எழுத்தர். அன்று வரைவதற்கு இடம் வேண்டி இரண்டு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளியவரும் அவரே. மேலே இருப்பது இடத்தட்டா, வலத்தட்டா என்று அவர் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த தடித்த தாள் ஒன்றை உருவினார். அலுவலக வெட்டுக்கருவியில் வைத்து இரண்டுக்கு மூன்றாக ஆறு சதுரங்கள் வெட்டினார். ஓரத்துத் துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டார். வெற்றுப்பக்கம் தவிர வேறொன்றையும் அவர் கண் தேடவில்லை.

வியாழன், வெள்ளி, சனி காலை என மூன்று நாள்களில் ஆறையும் நிரப்பிவிட்டார்.

சனிக்கிழமை வகுப்பில் ஆறு சதுரங்களையும் கட்டில் விரிப்பின்மேல் அடுத்தடுத்துப் பரப்பினார். ஒரு சதுரத்தில் முடிந்த வரிசை அடுத்ததில் தொடர்ந்து, ஆறும் ஒரே ஓட்டமாக ஓடின. கொழுந்தியாள் குனிந்து மூக்கு உரசும் அளவுக்குப் பார்த்தாள்.

“அத்தான், இது டிக் மார்க்தானே?”

“ஆமா.”

“முப்பது வருஷமா ஊரையே தப்பு சொன்ன கையிலேர்ந்து இது வந்திருக்கு பாருங்க.” அவள் மற்றவர்களை அழைத்தாள். பல் மருத்துவமனையில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், “எனக்கு ஸ்டெப் ஸ்டெப்பா போட்டுக் காட்டுங்க, நான் இத கத்துக்காம போகமாட்டேன்” என்று பேனாவும் கையுமாக அருகில் வந்து அமர்ந்தார். ஐம்பத்தேழு வயதில், தாம் செய்த ஒன்றைக் கற்றுக்கொள்ள விரும்பி ஒருவர் தம்மிடம் வந்து அமர்வதை அவர் அன்றுதான் கண்டார். இதுவரை அழைத்தால்தான் வந்திருக்கிறார்கள்.

“பின்னாடி கையெழுத்து, தேதி போட்டுக் குடுங்க. ஆறையும் போர்டுல ஒட்டி மாட்டிடறேன். இந்த ரூம்ல நாம கண்டுபிடிச்ச முதல் டிசைன்” என்றாள் கொழுந்தியாள்.

வரைந்தவர் பின்பக்கத்தில் பென்சிலால் ஒப்பமிடுவது அந்த வகுப்பின் வழக்கம். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் சதுரத்தைத் திருப்பினார். அச்செழுத்துகளின் பாதி தெரிந்தது. கெட்டுப்போன சான்றுதானே என்று ஒப்பமிட்டார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதைத் திருப்பினார். அவர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஓர் ஒப்பம் இருந்தது. நீல மை. அதன்மேல் பாதி ஏறினாற்போல் ஒரு வட்ட முத்திரை. முத்திரைக்குள் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியின் பெயர்.

கெட்டுப்போன தாளில் எவரும் ஒப்பமிடுவதில்லை. இதை அந்த அலுவலகத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. பல் மருத்துவமனைப் பெண்மணி பக்கத்தில் காத்திருந்தார். கொழுந்தியாள் பசைக்குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். எட்டு முகங்களும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அவர் அந்த நீல ஒப்பத்துக்கு நேர் கீழே, இருந்த சிறிய இடத்தில், பென்சிலால் தம் ஒப்பத்தையும் அன்றைய தேதியையும் இட்டு, சதுரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கை தவறியது, கண் தவறியது என்று பின்னாளில் சொல்லிக்கொள்ள உலகத்தில் ஆயிரம் சொற்கள் உள்ளன. வியாழக்கிழமை நடந்ததற்கு அவை பொருந்தும். சனிக்கிழமை செய்ததற்கு ஒன்றும் பொருந்தாது.

திங்கட்கிழமை காலை கவுண்டர் திறந்ததும் ஒரு செவிலி வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். இரவுப்பணி முடித்து நேரே வந்திருந்தாள். காலணி வெள்ளையாகவே இருந்தது, கண்தான் சிவந்திருந்தது.

“ஐயா, ஒரிஜினல் குடுத்துட்டுப் போயிருந்தேன். சரிபார்த்து முடிஞ்சிருந்தா வாங்கிட்டுப் போயிடுவேன்.”

தபால் பிரிவு எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். அவர் தலைமை எழுத்தருக்குப் பத்து வயது இளையவர்; யாரையும் அண்ணன், அக்காள் என்றே அழைப்பவர்; நடையின் வேகம் கருதி அலுவலகம் அவருக்கு ‘நத்தை’ என்று பெயரிட்டிருந்தது. “இருக்கும்மா, நான்தான் வாங்கியிருக்கேன், என் கையெழுத்துதான் இருக்கு” என்றவர் வலத்தட்டைப் புரட்டினார். இன்னொரு முறை புரட்டினார். பிறகு ஒவ்வொரு தாளாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, இங்கதான் வெச்சேன்.”

“நல்லாப் பாருய்யா” என்றார் தலைமை எழுத்தர். அவருடைய குரல் அவருக்கே அயலாக ஒலித்தது.

செவிலி படபடப்பில்லாமல்தான் பேசினாள். வேறொரு மருத்துவமனையில் நிரந்தரப் பணி கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மூலச் சான்றிதழையோ, மூலத்துடன் ஒப்பிட்டதாக இந்த அலுவலகம் சான்றளித்த நகலையோ காட்டிப் பணியில் சேரவேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்திருப்பவரை அழைத்துவிடுவார்கள்.

“படிச்ச இடத்துலயே இன்னொண்ணு வாங்கிக்க முடியாதாம்மா?” என்று கேட்டார் தபால் எழுத்தர்.

“அந்த ஸ்கூல மூடி ஒம்பது வருஷம் ஆச்சு அண்ணா. கையெழுத்து போட்ட மேடமும் இப்ப இல்ல.”

மூவரும் தேடினார்கள். ஆம், மூவரும். அலமாரிக்கு அடியில் விழுந்திருக்கலாமென்று தபால் எழுத்தர் சொன்னபோது, தலைமை எழுத்தர் தரையில் முழங்காலிட்டுக் குனிந்து, அளவுகோலை உள்ளே விட்டுத் துழாவினார். தூசியும், துருப்பிடித்த குண்டூசிகளும், யாருடைய பித்தானோ ஒன்றும் வந்தன. செவிலி பதறிப்போய், “ஐயா, நீங்க எதுக்கு இந்த வயசுல கீழ உக்காந்துகிட்டு? எந்திரிங்க ஐயா, கையக் குடுங்க” என்று அவருடைய முழங்கையைப் பற்றித் தூக்கிவிட்டாள். அவள் பிடித்த இடம் அன்று முழுவதும் சுட்டது.

செவ்வாய்க்கிழமை அதிகாரி தலைமை எழுத்தரைத் தம் அறைக்கு அழைத்தார். இளம்வயதுப் பெண்மணி, நேர்மையானவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். “தபால் பிரிவுதான் வாங்கியிருக்காங்க, ரெஜிஸ்டர்ல இருக்கு. விளக்கம் கேட்டு ஒரு மெமோ போட்டுடுங்க சார். நீங்களே டிராஃப்ட் பண்ணுங்க, உங்க டிராஃப்ட்ல நான் கை வைக்கவே வேண்டியிருக்காது.”

அப்போது அவர் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும் பார்த்தார். “சரிங்க மேடம்” என்பதுதான் வெளியே வந்தது. இருக்கைக்குத் திரும்பி அரைமணி நேரத்தில் அந்தக் குறிப்பாணையை எழுதி முடித்தார். ‘தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட ஆவணம் தங்கள் கவனக்குறைவால் காணாமற்போனமைக்குத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை’ என்று தொடங்கி, மூன்று வாக்கியங்களில், ஓர் எழுத்தும் பிசகாமல் அது முடிந்தது. கள்ளக் கையால் எழுதப்பட்டது என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. நல்ல நடையின் கேடுகெட்ட குணம் அது. யாருக்கு வேண்டுமானாலும் ஊழியம் செய்யும்.

புதன்கிழமை நண்பகலில் தபால் எழுத்தர் ஒரு தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு அவருடைய மேசைக்கு வந்தார். அழைக்காமல் வந்தது அதுவே முதல் முறை.

“அண்ணே, சாப்டீங்களா?”

“ஆச்சு.”

“மெமோவுக்குப் பதில் எழுதிட்டேன். மேடம்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி பாத்துக் குடுங்க. நான் எழுதினா நாலு தப்பு இருக்கும், இதுலயும் மானம் போக வேணாம்னு பாக்கறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “சிவப்பு மையிலயே திருத்துங்க, பரவால்ல. வீட்டுக்குப் போயி வேற பேப்பர்ல எழுதிக்கறேன்.”

‘சிவப்பு மை’ என்ற பெயர் தமக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரிந்திருக்கிறது; அதைக்கூட அன்பாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். தலைமை எழுத்தர் தாளை விரித்தார்.

‘அம்மா, சான்றிதலை நான் வேண்டுமென்று தொலைக்கவில்லை. வலது தட்டில் வைத்ததாகத்தான் நியாபகம். ஆனால் வாங்கியது நான் என்பதால் தொலைத்ததும் நானாகத்தான் இருக்க வேண்டும். என் பையிலும் என் மகளின் பள்ளிக்கூடப் பையிலும் கூட தேடி விட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பழைய பேப்பர் போட்டோம். அந்தக் கடைக்கும் போய் இரண்டு நாள் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கே என்மேல் சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் வேலைக்கு எதாவது ஆனால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.’

பழக்கத்தால் கை சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. ‘சான்றிதலை’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அடுத்த சொல்லுக்கு நகரவில்லை. பேனாமுனை தாளிலேயே நின்று, அங்கே ஒரு சிவப்புப் பொட்டு ஊறிப் பெருகியது.

“ரொம்ப மோசமா அண்ணே?”

“இத இன்னைக்குக் குடுக்காதீங்க. நாளைக்குக் காலையில பேசலாம்” என்றார் தலைமை எழுத்தர். முப்பத்தோர் ஆண்டுகளில் முதன்முறையாக, அனுமதி எழுதிவைக்காமல், மணி நாலுக்கே அலுவலகத்தை விட்டு இறங்கினார்.

கொழுந்தியாள் ஒரு முதியவரின் தோளை நீவிவிட்டு அனுப்பியபின், கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “என்ன அத்தான், புதன்கிழமையில? முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?”

“அந்தப் போர்டக் கழட்டணும்மா.”

அவர் நின்றபடியே சொன்னார். தாள் எது, யாருடையது, வெள்ளிக்கிழமை என்ன நேரும் என எல்லாவற்றையும் சொன்னார். அவள் கட்டிலின் விளிம்பில் அமர்ந்துவிட்டாள்.

“ஐயோ. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“இன்னைக்குத்தான்.”

பசை கெட்டிப்பட்டிருந்தது. நீர் விட்டால் அவருடைய கறுப்பு மை அசையாது. நீல ஒப்பம்தான் கரைந்தோடும். எனவே மருந்துக்களிம்பு எடுக்கும் தட்டைக் கரண்டியை மூலைக்கு அடியில் நுழைத்து, மயிரிழை மயிரிழையாகப் பெயர்த்தாள். வலித்த தசையைத் தொட்டுப் பழகிய கை என்பதால் அவசரப்படவில்லை. நான்கு மூலைகளில் மட்டுமே பசை வைத்திருந்தது நல்லதாயிற்று. ஐந்து சதுரங்கள் முழுதாக வந்தன. ஆறாவதின் ஒரு மூலை தோலுரிந்தாற்போல் போர்டோடு போயிற்று, முத்திரையின் விளிம்பில் கொஞ்சம் போயிற்று, ஒப்பம் தப்பியது.

அவள் அந்தச் சதுரத்தை விளக்குக்கு நேரே பிடித்தாள். நீல ஒப்பத்தையும் பார்த்தாள். அதன் கீழே ஒட்டி நின்ற பென்சில் ஒப்பத்தையும் பார்த்தாள். இரண்டுக்கும் இடையே ஒரு நெல்மணி அளவுகூட இடமில்லை.

“இது போடறப்ப கண்ணுல படலையா அத்தான்?”

“கண்ணாடி போடல.”

கண்ணாடியை அவர் சரிசெய்துகொண்டதை அவள் எதிரில் நின்று பார்த்தவள். அவள் ஆறு சதுரங்களையும் ஓர் உறையில் இட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அத்தனை ஆண்டுகளில் அவள் அவரைக் கிண்டல் செய்யாமல் வழியனுப்பியது அன்றுதான்.

வீட்டில், சாப்பாட்டு மேசையின்மேல் சதுரங்களைக் கவிழ்த்து அடுக்கி, அழிப்பானை எடுத்து ஒவ்வொரு பென்சில் ஒப்பத்தையும் அழித்தார். தேதியையும் அழித்தார். காகிதத் துகள்களை உள்ளங்கையில் கூட்டி எடுத்தார். மனைவி தட்டை வைக்க வந்தவள், “உங்க கையெழுத்த நீங்களே எதுக்குங்க அழிக்கறீங்க?” என்று கேட்டாள். “அடுத்தவங்க பேப்பர்ல அது இருக்கக் கூடாது” என்றார். உண்மையான காரணம் போலவே அது ஒலித்தது.

வியாழக்கிழமை காலை அதிகாரியின் அறையில் நால்வர் இருந்தனர். அதிகாரி மேசைக் கண்ணாடியின்மேல் ஆறு சதுரங்களையும் தாமே பொருத்தினார். ஓரமில்லாத, வெட்டுக்கோடுகள் ஓடும், ஆயினும் படிக்க முடிகிற சான்றிதழ் ஒன்று அங்கே உருவாயிற்று. தபால் எழுத்தர் தம் நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“கெட்டுப்போன ஃபார்ம்னு நெனச்சு நான்தான் வெட்டினேன் மேடம். சாப்பாட்டு நேரத்துல ரெண்டு தட்டையும் நான்தான் மாத்தி அடுக்கியிருக்கேன். நேத்து சாயந்தரம்தான் திரும்ப எடுத்தேன். இவர்மேல ஒரு தப்பும் இல்ல.”

அதிகாரி குனிந்து ஆறாவது சதுரத்தின் ஒப்பத்தையும் முத்திரையையும் பார்த்தார். பிறகு, “இத நகலோட ஒப்பிட்டு சான்று குடுக்கலாம். ஒரிஜினல் ஆபீஸ்ல சேதமாச்சுன்னு எழுதணும், எப்படின்னும் எழுதணும். உங்க வாக்குமூலம் அதோட போகும் சார். வேற வழியில்ல. மேல கேப்பாங்க” என்றார்.

“எழுதறேன் மேடம்.”

செவிலி சதுரம் ஒன்றைக் கையிலெடுத்தாள். தன் பெயரின் முதல் பாதி அதில் இருந்தது. மெல்லத் திருப்பினாள். கறுப்புச் சரிக்குறிகள் ஒன்றன் தோளில் ஒன்றாகச் சாய்ந்து ஓடின. ஒரு விரலால் அந்த வரிசையைத் தொடாமல் தொடர்ந்தாள்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க” என்றாள்.

அதில் குத்தல் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பார். மூன்று ஆண்டுப் பயிற்சியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, களைத்த ஒருத்தி, கண்ணில் பட்டதைச் சொன்னாள்; அவ்வளவுதான்.

தம் இருக்கையில் அமர்ந்து வாக்குமூலம் எழுதினார். சென்ற வியாழக்கிழமை நண்பகல், இரு தட்டுகள், வெட்டுக்கருவி, ஆறு துண்டுகள், புதன்கிழமை மாலை மீட்டது, எதுவும் பொய்யில்லை. கொண்டுபோய் அதிகாரியிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு, “சரி, மெமோவ வாபஸ் வாங்கிடலாம்” என்றார்.

தபால் எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் செவிலியின் பக்கம் திரும்பிச் சொன்னார்: “பாத்தீங்களாம்மா. அண்ணன் நெனச்சிருந்தா கமுக்கமா இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நான்தான் தொலைச்சேன்னு நானே எழுதிக் குடுக்க இருந்தேன். நேத்துத் தெரிஞ்சுது, இன்னைக்குக் காலையில கொண்டாந்து வெச்சுட்டாரு. இந்த ஆபீஸ்ல வேற எவன் செய்வான்? எங்கள எவ்வளவு திட்டினாலும் சரி, இவருகிட்ட அந்தக் குணம் உண்டு.”

செவிலி தலையசைத்தாள். அதிகாரியும் தலையசைத்தார். அந்த அறையில் மூவர் அவரை நல்லவர் என்று நம்பினர். அந்த நம்பிக்கை வாயில் மணலைப்போல் நெறுநெறுத்தது. குற்றத்தை ஐந்து நாள் சுமந்துவிட்டார். இந்தப் புகழை ஐந்து நிமிடம் சுமக்க முடியவில்லை.

“அத ஒரு நிமிஷம் குடுங்க மேடம்” என்று வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கினார். மேசையின் ஓரத்தில் வைத்து, நின்றபடியே, ஒப்பத்துக்கு மேலிருந்த சிறு இடைவெளியில் எழுதினார்: ‘இது மூலச் சான்றிதழ் என்பதைச் சனிக்கிழமையே நான் அறிந்தேன். அறிந்து மறைத்தேன். திங்கட்கிழமை இவர்களோடு சேர்ந்து தேடுவதுபோல் நடித்தேன். செவ்வாய்க்கிழமைக் குறிப்பாணையை அறிந்தே எழுதினேன். துண்டுகளின் பின்பக்கம் நான் இட்டிருந்த ஒப்பத்தையும் தேதியையும் நேற்று அழித்துவிட்டேன்.’

அதிகாரி படித்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பார்வையில் கோபமில்லை; ஒரு கணக்கை முதலிலிருந்து மறுபடி பார்க்கிறவரின் பார்வை அது. தாளைத் தபால் எழுத்தரிடம் நீட்டி, “என்ட்ரி போட்டு நம்பர் குடுங்க” என்றார்.

செவிலி சான்றளிக்கப்பட்ட நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புறப்பட்டாள். கவுண்டரைக் கடக்கும்போது தலைமை எழுத்தர் எழுந்து நின்றார். அவள் அவருடைய முழங்காலைப் பார்த்தாள். திங்கட்கிழமை தூசி படிந்த இடத்தை. படியிறங்கிப் போனாள்.

தபால் எழுத்தர் பதிவேட்டைத் திறந்து, தேதி எழுதி, எண் எழுதி, பொருள் எழுதுவதற்காக வாக்குமூலத்தைப் படிக்கத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல் அவருடைய உதடுகள் அசைந்தன. கடைசி வரிகளுக்கு வந்ததும் உதடுகள் நின்றன. மறுபடி மேலிருந்து படித்தார். பழைய காகிதக் கடையில் பிரித்த மூட்டைகளின் சரடு கீறிய கோடு ஒன்று அவருடைய கட்டைவிரலில் இன்னும் ஆறாமலிருந்தது. அதைத் தலைமை எழுத்தர் அப்போதுதான் கண்டார்.

ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார். திட்டட்டும், நாலு பேர் காதில் விழும்படி திட்டட்டும்.

தபால் எழுத்தர் முத்திரையை மையில் ஒற்றி, வாக்குமூலத்தின் மேல்மூலையில் நேராகப் பதித்தார். மை உலரும்வரை ஊதினார். பிறகு தலை நிமிராமல், தாளை மேசையின்மேல் அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதுக்கு ரெண்டு நகல் வேணும், சார்.”

தலைமை எழுத்தர் தாளை எடுத்துக்கொண்டு நகலெடுக்கும் கருவி இருந்த அறைக்குப் போனார்.